ஏழு பீஸ் வரைக்கும் பையரே பொறுத்துக்கொள்கிறார்: திருப்பூர் பனியன் கம்பெனிகளின் இளைய முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சின்னவர்களுக்கு,

வணக்கம். கம்பெனிக்குள் உங்கள் அப்பாவைப் பெரியவர் என்போம், உங்களைச் சின்னவர் என்போம். உங்களுக்கு நாற்பது வயது தாண்டினாலும் நீங்கள் எங்களுக்குச் சின்னவர்தான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் 1997-இல் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கிற உதவியாளாகச் சேர்ந்தவள். பிறகு செக்கிங், அப்புறம் தையல் லைனில் தரம் பார்க்கிற லைன் க்யூசி. இப்போது ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பிரிவு முழுவதும் என் பொறுப்பு. நடுவில் நான்கு கம்பெனிகள் பார்த்துவிட்டேன். எந்தக் கம்பெனியின் பெயரையும் இங்கே போடப் போவதில்லை. படிக்கும்போது 'இது நம்ம கம்பெனிதானே' என்று உங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

சம்பளம், பஞ்சப்படி, ஒன்றரை ஷிப்ட் பற்றியெல்லாம் இங்கே பேசவில்லை. அதற்குச் சங்கம் இருக்கிறது. நான் பேச வந்தது உங்கள் 'பர்ஃபெக்‌ஷன்' பற்றி. ஒரு தவறுகூட இருக்கக்கூடாது, எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் போகவேண்டும், சின்னது பெரியது என்ற பேச்சே கிடையாது என்று நடத்துகிறீர்களே, அது லைனில் உட்கார்ந்திருப்பவர்களின் மனசை என்ன செய்கிறது என்பது பற்றி.

முதலில் உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3,000 பீஸ் ஆர்டர் ஒன்று ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்கிறது. பையரின், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வருகிறார். 3,000-ஐயும் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்டவணைப்படி 125 பீஸ் எடுக்கிறார். ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளும் தர அளவு 2.5 என்றால் அந்த 125-இல் மேஜர் டேமேஜ் (பெரிய குறை) 7 வரை இருந்தால் பாஸ், 8 ஆனால் ஃபெயில். மைனருக்கு 4.0 வைத்திருந்தால் 10 வரை விடுவார், 11-இல் நிறுத்துவார். கிரிட்டிக்கல் மட்டும் பூஜ்யம். உடைந்த ஊசி முனை ஒரே ஒரு பீஸில் கிடைத்தாலும் அதோடு பேச்சு முடிந்தது.

இந்த அட்டவணை நேற்று வந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் மலைமலையாகச் சாமான் வாங்கியபோது ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அப்போது கையாண்ட மாதிரி எடுத்துப் பார்க்கும் முறையை 1950-இல் ராணுவத் தரநிலையாகவே அச்சிட்டார்கள். பிற்பாடு அதுவே ஐஎஸ்ஓ 2859 ஆகி நம் செக்கிங் மேஜைக்கு வந்து சேர்ந்தது. குண்டும் தோட்டாவும் வாங்கியவர்களே 'கொஞ்சம் தவறு இருக்கத்தான் செய்யும், எவ்வளவு, எந்த மாதிரி என்று பார்ப்போம்' என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்காக ஏழு டேமேஜை எண்ணிப் பெட்டியில் போடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் பேசுகிற ஃப்ளோர் இன்சார்ஜ்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களோடு சண்டையும் போட்டிருக்கிறேன். நான் சொல்வது, இந்தத் தொழில் தவறுகளை மூன்றாகத் தரம் பிரித்து வைத்திருக்கிறது என்பதைத்தான். அளவு ஷீட்டைப் பாருங்கள். மார்பு அகலத்துக்குப் பக்கத்திலேயே 1 செ.மீ. கூடக் குறைய இருக்கலாம் என்று ஒரு கட்டம் போட்டிருக்கும். ஏனென்றால் நிட்டிங் துணி இழுபடும், சுருங்கும். மேஜையில் பரப்பி வைத்து, கை வைக்கிற அழுத்தத்திலேயே அரை சென்டிமீட்டர் மாறிவிடும். துணியின் குணம் அது என்று பையருக்குத் தெரிந்திருக்கிறது.

துணிக்கு இருக்கிற அந்தக் கட்டம் எங்களுக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு சின்னவர். நல்ல மனிதர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். சட்டைப் பையில் சின்ன டேப் ஒன்று எப்போதும் இருக்கும். ஷிப்மெண்ட் நெருங்கினால் கம்பெனியிலேயே படுத்துக்கொள்வார். எங்களுக்கு வாங்கித் தருகிற பரோட்டாவைத்தான் அவரும் சாப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய அப்பா அப்படி இல்லை. பெரியவர் வாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பிசிறு ஒன்று தொங்கினால் பரம்பரையையே இழுப்பார். ஆனால் மூன்றரை மணி டீக்குள் மறந்துவிடுவார். 'ஏம்மா, வடை எடுத்துக்கலையா' என்பார். திட்டு வாங்கினவளும் வடையைக் கடித்துக்கொண்டே சிரிப்பாள். பெரியவரை மகான் ஆக்க இதைச் சொல்லவில்லை. சம்பளத்தை இழுத்தடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சின்னவர் திட்டமாட்டார். ஃபோட்டோ எடுப்பார். கழுத்து ரிப் கொஞ்சம் அலை அடித்திருந்தால், லேபிள் ஒரு நூல் சாய்ந்திருந்தால், செல்ஃபோனில் படம் எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டு, கம்பெனி வாட்ஸப் குரூப்பில் போடுவார். கீழே ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை: 'யார் இது?' குரூப்பில் 46 பேர். நைட் பதினொரு மணிக்கும் வரும், காலை ஐந்தரைக்கும் வரும். அந்த வட்டத்துக்குள் இருப்பது தன் தையல்தானா என்று ஒவ்வொருத்தரும் ஃபோனைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் அரைகுறை. வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள்.

திட்டுக்கு ஆயுசு ஒரு மணி நேரம். அந்தப் படங்கள் இன்னும் பலருடைய ஃபோனில் கிடக்கின்றன.

அந்தக் கம்பெனியில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு.

லைனில் ட்ராஃபிக் லைட் முறை வைத்திருந்தோம், உங்களில் பலரும் வைத்திருப்பீர்கள். க்யூசி ரவுண்ட் வரும்போது ஒரு டெய்லரிடம் ஏழு பீஸ் எடுத்துப் பார்ப்பது, சுத்தமாக இருந்தால் பச்சை அட்டை, கொஞ்சம் தடுமாற்றம் என்றால் மஞ்சள், தவறு என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் மெஷினை நிறுத்தி, ஊசியா, டென்ஷனா, ஃபோல்டரா, இல்லை ஆளுக்கு உடம்பு சரியில்லையா என்று பார்த்துச் சரி செய்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும். அட்டை தண்டனைக்கு இல்லை. 'இங்கே ஆள் வேண்டும்' என்று கூப்பிடுவதற்கு. டொயோட்டா கார் ஃபேக்டரியில் ஓடுகிற லைனில் கோளாறு கண்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவைப்பட்டால் லைனே நிற்கும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். அதே மாதிரிதான் இதுவும்.

சின்னவர் ஒரு திங்கட்கிழமை வந்து, வாரத்தில் மூன்று சிவப்பு வாங்கினால் இன்சென்டிவ் கிடையாது என்றார். அவருடைய நியாயம் அவருக்கு. டேமேஜ் குறையவேண்டும், சீக்கிரம் குறையவேண்டும். குறைந்தது! பதினைந்தே நாளில் லைன் முழுக்க நெல் வயல் மாதிரி பச்சை. நூறு பீஸுக்கு எத்தனை தவறு என்று எழுதுகிற டிஹெச்யூ 9-இல் இருந்தது 3-க்கு வந்தது. சின்னவர் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். மைசூர்பாகு.

பச்சை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என் கையில்தான் அட்டை இருந்தது. பிளாட்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற ஒரு பெண், வீட்டுக்காரர் குடிகாரர், இரண்டு பிள்ளை. ஏற்கெனவே இரண்டு சிவப்பு. மூன்றாவதை நான் எந்தக் கையால் வைப்பேன்? பச்சையை வைத்துவிட்டு அந்தப் பீஸைத் தனியாக எடுத்து, டேமேஜ் பார்க்கிற அம்மாவிடம் ரகசியமாகக் கொடுத்துச் சரி செய்தேன். எல்லா க்யூசியும் அதையேதான் செய்தார்கள். எல்லாப் பீஸும் அந்த அம்மாவிடம் போய்ச் சேரவில்லை. அந்த மாதத்தில் பையரின் இன்ஸ்பெக்‌ஷனில் இரண்டு ஃபெயில். காகிதத்தில் குறைந்த டேமேஜ் பெட்டிக்குள் அப்படியே இருந்தது.

இரண்டாவது, கட்டிங்கில் நடந்தது. 6,000 பீஸ் ஆர்டர், நேவி ப்ளூ. சாயப் பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக வந்த துணி. கண்ணுக்கு ஒன்றுதான், லைட் பாக்ஸில் வைத்தால் ஒன்று மற்றதைவிட ஒரு சாயல் செம்மை. பாடியும் கையும் ஒரே லாட்டில் இருக்கவேண்டும் என்பது பாலபாடம். பண்டல் கட்டுகிற பையன் ஒருவன் நடுவில் கவனித்துவிட்டான், ஸ்டிக்கர் மாறி இரண்டு லாட்டும் கலந்துவிட்டது என்று. அப்போதே வாயைத் திறந்திருந்தால் அரை மணி நேர வேலை. பிரித்து அடுக்கியிருப்போம். அவன் பேசவில்லை. துணி லைனுக்குப் போனது, தைத்தார்கள், அயர்ன் ஆனது. மூன்றாம் நாள் பேக்கிங்கில் ட்யூப் லைட்டுக்கு அடியில் 1,100 பீஸ், கை ஒரு நிறம் உடம்பு ஒரு நிறமாகப் பல்லைக் காட்டியது. கையைப் பிரித்து, புதுசாக வெட்டி, ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் தைத்து, கப்பலில் போகவேண்டியதை விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரின் லாபம் முழுக்க விமானச் சரக்குக் கட்டணத்தோடு பறந்துவிட்டது.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'சொல்லியிருந்தா அன்னைக்கே என் பண்டலைத்தான் ஃபோட்டோ புடிச்சுப் போட்டிருப்பாங்கக்கா. சொல்லலைன்னா யாருன்னு தெரியாமயே போயிரும்ல' என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றியது.

என் மகள் கோவையில் எம்பிஏ படித்தாள். அவளுடைய ப்ராஜக்ட்டுக்காக இந்தக் கதைகளை எல்லாம் என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். பதிலுக்கு அவள் படித்ததை எனக்குச் சொன்னாள். அதில் ஒன்றை மறக்க முடியவில்லை. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்கிற ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் நர்ஸ் குழுக்களைப் பார்த்திருக்கிறார். நல்ல குழு என்றால் மருந்து கொடுப்பதில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவர். கணக்கைப் பார்த்தால் தலைகீழ். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள குழுக்களில்தான் தவறு அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்கிறவர்கள் என்பதால் அல்ல, செய்ததை வெளியே சொன்னார்கள். மற்ற வார்டுகளில் பயந்து மூடி வைத்திருந்தார்கள். அதைக் கேட்டதும் நான் மகளிடம், 'அடியே, அது எங்க பச்சை அட்டைடி' என்றேன்.

இன்னொன்றும் சொன்னாள். வேலையிடத்தில் பர்ஃபெக்‌ஷன் பிடிப்பவர்களைப் பற்றிய 95 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-இல் ஒரு கட்டுரை வந்திருக்கிறதாம். அப்படிப்பட்டவர்கள் அதிக ஆர்வத்தோடும் அதிக நேரமும் உழைக்கிறார்கள், அதோடு அதிகமாகப் படபடத்துக் களைத்தும் போகிறார்கள். ஆனால் வேலையின் விளைவில் மற்றவர்களைவிட அவர்கள் மேல் என்று காட்ட முடியவில்லை. அது தன்மேலேயே பர்ஃபெக்‌ஷனைச் சுமத்திக்கொள்கிறவர்களைப் பற்றியது. அடுத்தவர் தலையில் அதைச் சுமத்துவதை மனோதத்துவக்காரர்கள் தனி வகையாகவே பிரிக்கிறார்கள். தானே விரும்பி எடுத்த சுமையே ஒரு மனிதரை அந்தப் பாடு படுத்துகிறது. 400 பேர் தலையில் இன்னொருவர் வைத்தால் கேட்கவா வேண்டும்?

ஈடுபாடு, ஈடுபாடு என்று நீங்கள் ஹெச்ஆர் கூட்டங்களில் பேசுகிறீர்கள். கேள்வித்தாள் கொடுத்து ஒன்று முதல் ஐந்து வரை டிக் அடிக்கச் சொல்கிறீர்கள். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுப் போகிறார்கள், அதுவும் ஒரு பச்சை அட்டைதானே. காலப் என்கிற நிறுவனம் உலகம் முழுக்கக் கணக்கெடுத்து, 2024-இல் 21 சதவீதம் பேர்தான் மனசு வைத்து வேலை செய்கிறார்கள், முந்தைய வருடம் அது 23 என்று சொன்னது. திருப்பூருக்கு அவ்வளவு பெரிய கணக்கெடுப்பு வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கினவர்களில் திங்கட்கிழமை எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினால் போதும். இங்கே ஒரு கம்பெனி பிடிக்கவில்லை என்றால் எதிர் வீதியில் இன்னொன்று 'டெய்லர்கள் தேவை' என்று போர்டு மாட்டியிருக்கும். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தால் வேலை. சொல்லிக்கொள்ளக்கூட மாட்டார்கள்.

முதலில் போகிறவர்கள் யார் தெரியுமா? சுமாரான டெய்லர் போகமாட்டார். அவருக்குச் சிவப்பு வட்டம் பழகிவிடும். கையில் தொழில் இருக்கிறவர்தான் போவார். சிங்கர் மெஷினில் பத்து வருடம் பழகின டெய்லருக்கு, தான் தைத்த காலரைப் பார்த்து இன்னொருவர் டேப்பை எடுத்தால் சுருக்கென்று தைக்கும். என் லைனில் ஒருவர் இருந்தார். போலோ சட்டைக்குப் பட்டி வைப்பதில் அவருக்கு இணை கிடையாது. சின்னவர் அவர் பக்கத்தில் நின்று ஒரு காலை முழுக்கத் தையலை எண்ணினார், ஓர் அங்குலத்துக்கு எத்தனை என்று. சரியாகத்தான் இருந்தது. 'குட்' என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஃபோன் செய்தேன். 'சரியாத்தான் இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சுக்க அரை நாள் ஆச்சு. பதினாறு வருசமா எனக்குத் தெரியும்' என்றார்.

போகாமல் இருப்பவர்களின் கதை வேறு. ஆபீஸில் பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி. சேர்ந்த புதிதில் பையருக்கு அவளே மெயில் எழுதுவாள், நூல் விலை ஏறினால் அவளே பேசி ஓர் ஐந்து சென்ட் வாங்கிவிடுவாள். சின்னவர் அவளுடைய மெயில்களைத் திருத்த ஆரம்பித்தார். முதலில் விலை, பிறகு வாக்கியம், பிறகு காற்புள்ளி. ஆறே மாதம். அதன்பிறகு அவள் எதையும் எழுதுவதில்லை. 'சார், ட்ராஃப்ட் நீங்களே கொடுத்துடுங்க, நான் அனுப்பிடறேன்.' சின்னவர் என்னிடம் வந்து, 'ஒருத்தரும் சொந்தமா யோசிக்க மாட்டேங்கறாங்கக்கா, எல்லாத்தையும் நானே பார்க்க வேண்டியிருக்கு' என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். கண்ணில் தூக்கமே இல்லை. பாவமாகத்தான் இருந்தது.

அதே பெண்ணின் ஸ்டைல் ஒன்றில் பிபி சாம்பிள், அதாவது மொத்தமாகத் தைக்கும் முன் காட்டுகிற மாதிரி, பையருக்குப் போய், 'அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்' என்று வந்தது. கழுத்து ரிப்பை ஒரு நூல் இறுக்குங்கள், மற்றபடி ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். சின்னவருக்கு அந்த 'வித் கமெண்ட்ஸ்' பிடிக்கவில்லை. சுத்தமான அப்ரூவல் வேண்டும் என்று மறுபடி மறுபடி சாம்பிள் போடச் சொன்னார். ஒன்பது நாள். பையர் கேட்கவே இல்லை, சார்! கடைசியில் அந்த ஒன்பது நாளை யார் தலையில் கட்டினார்கள்? லைன் தலையில். இரண்டு வாரம் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட். இரவு பத்து மணிக்கு மேல் தைக்கிற தையலில் எத்தனை டேமேஜ் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் பக்கத்தையும் நான் பார்க்காமல் இல்லை. 1978-இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வந்து வெள்ளை பனியன் கேட்டபோது இருந்த ஊர் வேறு, ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்கிற இன்றைய ஊர் வேறு. லாபம் நூலிழையில் நிற்கிறது. ஒரு ஷிப்மெண்ட் ஃபெயிலானால் பையர் தள்ளுபடி கேட்பார், இல்லை சரக்கே வேண்டாம் என்பார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எத்தனை கம்பெனிகளில் லைன் காலியாகக் கிடந்தது என்று பார்த்தோம். அந்த நேரத்தில் வங்கிக்குப் பதில் சொல்கிறவர் நீங்கள், நான் இல்லை. பயம் இருக்கத்தான் செய்யும். உங்கள் டேப்புக்கும் சிவப்பு வட்டத்துக்கும் பின்னால் இருப்பது அந்தப் பயம்தான் என்று எனக்குத் தெரியும். அது மேலேயிருந்து கீழே வரவர அளவு பெரிதாகிறது. பையர் உங்களுக்கு 125-இல் ஏழு கொடுத்தார். நீங்கள் மேனேஜருக்கு மூன்று கொடுத்தீர்கள். மேனேஜர் சூபர்வைசருக்கு ஒன்று. டெய்லரிடம் வரும்போது பூஜ்யம்.

பூஜ்யம் வேண்டிய இடங்களும் இருக்கின்றன, அங்கே நானே விடமாட்டேன். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைத்து, அட்டையில் ஒட்டிக் கையெழுத்து ஆகும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. குழந்தை உடுப்பில் தலைமூடிக்குக் கயிறு வைப்பது ஐரோப்பாவில் கூடாது என்றால் கூடாதுதான், கழுத்து இறுகிச் செத்த பிள்ளைகளால் வந்த சட்டம் அது. சாயக் கழிவு நீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் பூஜ்யம் காட்டச் சொன்னபோது நாம் ஏமாற்றிப் பார்த்தோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னது. ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது. அங்கே காட்டவேண்டிய கண்டிப்பை ஏன் லேபிளில் காட்டுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

லேபிள் ஒரு நூல் சாய்ந்தால் பதினொரு மணிக்கு ஃபோட்டோ வருகிறது. பெண்கள் பாத்ரூமில் தாழ்ப்பாள் உடைந்து நான்கு மாதம் ஆகிறது, அதற்குச் சிவப்பு வட்டம் போட்டவர் யாருமில்லை. அவசர வழிக் கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருப்பதை ஆடிட்டுக்கு முதல் நாள் மட்டும் நகர்த்துகிறோம். எங்கள் ஆட்களுக்கு இது தெரியாது என்று நினைக்கிறீர்களா? எதில் நீங்கள் கறாராக இருக்கிறீர்கள், எதில் கண்டுகொள்ளவில்லை என்பதை வைத்துத்தான் தாங்கள் உங்களுக்கு யார் என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

தரத்தைப் பற்றி ஜப்பானியர்களுக்கே பாடம் எடுத்த டெமிங், நிர்வாகிகளுக்குச் சொன்ன 14 அம்சங்களில் எட்டாவது, பயத்தை விரட்டுங்கள் என்பது. பத்தாவது, தொழிலாளியைப் பார்த்து 'பூஜ்யம் டேமேஜ்' மாதிரி முழக்கம் போடுவதை நிறுத்துங்கள் என்பது. பெரும்பாலான தவறு ஆளில் இல்லை, முறையில் இருக்கிறது, முறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது என்பது அவருடைய வாதம். நம் கம்பெனிகளில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் எந்த வாசகம் எழுதியிருக்கிறது என்று நாளைக் காலையில் ஒரு தடவை பாருங்கள்.

நான் சொன்ன அந்தச் சின்னவரிடம் ஒரு நாள் வேறொன்றையும் பார்த்தேன். பெட்டி அளவை அவரே தப்பாக மெயில் செய்துவிட்டார். 800 அட்டைப்பெட்டி, புது ஸ்டைலின் அளவுக்குப் பதில் பழைய ஸ்டைலின் அளவு. பெட்டி வந்து இறங்கியது, பீஸ் உள்ளே போகவில்லை. அட்டைப்பெட்டிக்காரன்மேல் பழியைப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் பேக்கிங் ஹாலுக்கு வந்து நின்று, 'இது என் தப்பு. நான்தான் பழைய ஃபைலை அனுப்பிட்டேன். இப்ப என்ன பண்ணலாம்?' என்றார். ஹால் ஒரு நிமிடம் அமைதி. பேக்கிங்கில் இருக்கிற வயசான அம்மா ஒருவர், மடிப்பை மூன்றுக்குப் பதில் நான்காகப் போட்டால் உள்ளே போகும் என்று மடித்தே காட்டினார். பையருக்குப் படம் அனுப்பிக் கேட்டார்கள், சரி என்றார்.

அன்று சாயந்திரத்துக்குள் மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். ஒருத்தி, காலையில் ஒரு பண்டலில் தையல் விட்டுப் போயிருக்கிறது என்று அவளே கொண்டுவந்து வைத்தாள். இன்னொருவன் அயர்னில் பளபளப்பு விழுந்த ஒன்பது பீஸை ஒளித்து வைத்திருந்த இடத்தைக் காட்டினான். மூன்றாவது ஆள் சொன்னது பெரிய விஷயம், அது இங்கே வேண்டாம். இருபது வருட உத்தியோகத்தில் ஒரே நாளில் அத்தனை டேமேஜ் தானாக நடந்து என் மேஜைக்கு வந்ததில்லை. அந்த வார டிஹெச்யூ 11. சின்னவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஃபோனை எடுத்தார் என்பது வேறு கதை.

ஆகவே நான் கேட்பது கொஞ்சம்தான். டேமேஜைத் தரம் பிரிக்கிற மாதிரி ஆட்களின் தவறையும் தரம் பிரியுங்கள். மைனரை லைன் இன்சார்ஜே முடித்துக்கொள்ளட்டும், அது உங்கள் ஃபோனுக்கு வரவே வேண்டாம். சிவப்பு அட்டையையும் சம்பளத்தையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். கட்டினால் பச்சைதான் விளையும், அதைச் சாப்பிட முடியாது. படம் போடுவதாக இருந்தால் குரூப்பில் வேண்டாம், தைத்தவரைப் பக்கத்தில் கூப்பிட்டுப் பீஸைக் கையில் கொடுத்துப் பேசுங்கள். மொழி தெரியாவிட்டாலும் துணியைத் தொட்டுக் காட்டினால் அவர்களுக்குப் புரியும். தொழில் தெரிந்தவர் பக்கத்தில் டேப்போடு நிற்காதீர்கள். பிறகு, பையர் உங்களுக்குக் கொடுக்கிற அந்த 'அப்ரூவ்டு வித் கமெண்ட்ஸ்' இருக்கிறதே, அதை எங்களுக்கும் எப்போதாவது கொடுங்கள். அப்புறம் அந்தப் பாத்ரூம் தாழ்ப்பாள்.

நிட்டிங் துணியில் ஒரு தையலை ஒரு தடவை பிரித்துத் தைக்கலாம், இரண்டாவது தடவையும் பார்த்துப் பிரித்தால் தப்பிக்கும். மூன்றாவது தடவை பிரித்தால் ஊசி ஓட்டை விழுந்துவிடும், பிறகு அந்தப் பீஸை அயர்ன் காப்பாற்றாது. எத்தனையாவது தடவை என்று பார்த்துப் பிரியுங்கள் என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன்.

இந்த மடலை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதினேன். மகள் தட்டச்சு செய்தாள். ஒற்றுப்பிழை இருக்கும், சில இடங்களில் பேச்சுத் தமிழும் வந்திருக்கும். சிவப்பு வட்டம் போட்டுக் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். கம்பெனிக்கு வரும்போது என் மேஜைப் பக்கம் வந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். மூன்றரைக்கு வந்தால் டீயும் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் செக்கிங் அக்கா